குடை கேமராவுக்கு

இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து என் கேமராப் பை நனைவதில்லை. நான் நனைகிறேன், தலையிலிருந்து செருப்பு வரை. பை மட்டும் நனைவதில்லை.

முதல் நாள் வீட்டுக்குள் வந்து பையைத் துடைக்கத் துணியை எடுத்தபோதுதான் கவனித்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை கொட்டுகிற மழையில் நடந்து வந்திருக்கிறேன். வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அந்தக் கையோடு ஒட்டித் தொங்கிய பையில் ஒரு துளி ஈரம் இல்லை. சரி, ஏதோ காற்றின் போக்கு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நடுத்தெருவில் நின்று பையை இடது தோளுக்கு மாற்றினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் வலது பக்கம் மழை கொட்டியது, இடது பக்கம் பையின் மேல் மட்டும் நின்றது.

"செத்தும் திருந்தலையா நீங்க?" என்று சத்தமாகவே கேட்டேன். எதிரே வந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள்.

பயம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிடும், பிறவிக் குணம். அதுவும் இந்த விஷயத்தில் சட்டம் போட்டவளே நான்தான். "குடை கேமராவுக்கு, எனக்கில்ல." ஒன்பது வருஷம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. மனுஷர் போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் சொன்னதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். மண் சரிவுகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு நான் படம் எடுக்கிறேன். ஊரின் மேல்கோடியில் மேட்டை வெட்டித் தெரு போட்டிருக்கிறார்கள். மேலே மண், கீழே வீடுகள், இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு தடுப்புச் சுவர். வெயில் நாளில் அந்தச் சுவரைப் பார்த்தால் அதைவிட யோக்கியன் கிடையாது என்று தோன்றும். மழையில்தான் அதன் வண்டவாளம் தெரியும். எந்தத் துளையில் தெளிந்த தண்ணீர் வருகிறது, எதில் சேறு வருகிறது, மண்ணில் அடித்து வைத்திருக்கும் வெள்ளை முளைகளில் எது சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மழை பெய்யும்போது எடுத்த படத்தில்தான் இருக்கும். மற்றவர்கள் கேமராவை மூடி வைக்கும் நேரத்தில் நான் திறக்கிறேன்.

சுவருக்கு எதிரே சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிமென்ட் மேடை உண்டு. அதில் ட்ரைபாட்டின் மூன்று கால்களுக்கு மூன்று சிவப்புப் புள்ளிகள். அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் ஒரு முளை விரலகலம் நகர்ந்தாலும் பொறியாளருக்குத் தெரிந்துவிடும். ஆளில்லாத கேமரா ஒன்றை அங்கே பொருத்திப் பார்த்தார்கள். முதல் மழையிலேயே கண்ணாடியில் நாலு துளி விழுந்து, நாள் முழுக்க அந்த நாலு துளியைத்தான் அது படமெடுத்திருந்தது. மழையில் லென்ஸுக்கு ஒரு மனுஷர் வேண்டும்.

ஒருவர் போதாது, இரண்டு பேர். கேமராவுக்கு நான் செய்யும் அலங்காரம் பெரிய மர்மமில்லை. உடம்புக்கு, குளிக்கும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி. அதன் மேல் லென்ஸுக்கு ஓட்டை போட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை. லென்ஸ் முனையில் ஒரு குழல், அதைச் சுற்றி இறுக்கமாக ரப்பர் பேண்ட். துடைக்கும் துணி என் உள்பையில், உடம்புச் சூட்டில் காய்ந்தபடி இருக்கும். இவ்வளவுக்கும் மேலே ஒரு குடை. குடையை ட்ரைபாட்டில் கட்டிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டினால் காற்றில் குடை ஆடும், குடையோடு கேமரா ஆடும், படம் எதோடும் பொருந்தாது. அதனால் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். பெயின்ட் கடையில் இருந்த வேலை போனதும், "சும்மா வீட்ல உக்காந்து உன் வாயில விழறதுக்கு, மழையில நின்னு விழறேன்" என்று கிளம்பி வந்தவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே குடைக்காரர் என்று ஆகிவிட்டது. பெரிய கறுப்புக் குடை, ஒரு கம்பி முனை கழன்று மஞ்சள் நூலால் கட்டியது. எனக்கு வலது பக்கம், அரை அடி பின்னால் நிற்பார். அவருடைய கை சோர்ந்தால் குடை இறங்கி அதன் ஓரம் படத்தின் வலது மேல்மூலையில் வந்துவிடும். "குடை உள்ள வருது, ஏத்திப் பிடிங்க!" என்று கத்துவேன். "உத்தரவு மகாராணி" என்று ஏற்றிப் பிடிப்பார். ஐந்து நிமிஷத்தில் மறுபடி இறங்கும்.

இன்னொரு வழக்கம் அவருக்கு. புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் போடுவார்களே, அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நான் கேமராவை மூடியதும் தொப்பிக்குள் ஒன்றைச் செருகிவிடுவார். கொட்டுகிற மழையில் அது எதற்கு ஆகும்? வீட்டில் மூடிய டப்பாவுக்குள் வைத்தால் பிரயோஜனம் உண்டு, இங்கே வெறும் வேடிக்கை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருந்துட்டுப் போகுது, பாவம்" என்பார், ஏதோ கேமராவுக்குச் சளி பிடித்துவிடும் என்பது போல.

மழைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் என் வலது தோளில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் குடை சரி, எடு. இரண்டு என்றால் காற்று, பொறு. மூன்று என்றால் ஆபத்து, கிளம்பு. என் கண் கேமராவில் இருக்கும்; சுவருக்கு மேலே நடப்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

போன வருஷம் அவர் மூன்று தட்டினார்.

நான் தலையை ஆட்டினேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். சுவரின் நடுத் துளையில் அப்போதுதான் செஞ்சேறு பீறிட ஆரம்பித்திருந்தது. அந்தப் படம் இல்லாமல் போகக்கூடாது என்ற வெறி எனக்கு. ஆனால் லென்ஸில் ஒரு துளி. துடைத்தேன். மறுபடி மூன்று தட்டு, இந்தத் தடவை பலமாக. சரி என்று படத்தை விட்டேன். விட்டுவிட்டு ஓடினேனா? இல்லை. கேமராவைக் கழற்றினேன். தொப்பியை இழுத்து மூடினேன், ரப்பர் பேண்டைப் போட்டேன், பையில் வைத்தேன், ஜிப்பை இழுத்தேன். அத்தனை நேரமும் அவர் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஓடியிருக்கலாம். நான் போட்ட சட்டம் அவரை ஓட விடவில்லை. ஜிப்பை மூடி நான் ஓடினேன். பின்னாலேயே வருகிறார் என்று நினைத்தேன். சுவரைத் தாண்டி வந்த மண் என் குதிகாலைத் தொட்டது. அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அவர் கிடைத்தார். குடை கிடைக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேமராவை மூடிப் பார்த்தேன். பதினோரு நொடி.

விசாரணையில் அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் அழுத்திக் கேட்டார். "குடை பிடித்தவர் எச்சரிச்சாரா?" பக்கத்து நாற்காலியில் என் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல. தட்டவே இல்ல" என்று என் வாய் சொல்லிவிட்டது. குடை பிடித்தவரின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கையில் எழுதினார்கள். ஒரு பொய்யில் நான் பாவப்பட்ட விதவையானேன், அவர் பொறுப்பில்லாத மனுஷர் ஆனார்.

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் எல்லோரும் அவனை லிஃப்ட் என்றே கூப்பிடுவோம். லிஃப்ட் கெட்டுப்போவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்தை யாரோ கேட்காமல் விட்டிருப்பார்கள், அதுதான் விபத்து என்பது அவனுடைய வேதம். அண்ணன்தான் அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அந்த அண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்று செத்தார் என்பது அவனுக்கு ஜீரணமாகவே இல்லை. அறிக்கை வந்த அன்று அண்ணன் படத்தைத் தன் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி, அலமாரிக்குள் முகத்தைத் திருப்பி வைத்துவிட்டான். மாதம் ஒரு தடவையாவது கேட்பான்.

"அண்ணி, ஒரு தடவைகூடத் தட்டலையா?"

"இல்லடா தம்பி."

"கை வழுக்கி, லேசா பட்டிருக்கலாம்ல? நீங்க கவனிக்காம விட்டிருக்கலாம்ல?"

"இல்லடா."

இப்படி வருஷம் ஓடியது. இந்த வருஷம் மழை வந்தது, பை நனையவில்லை. அது மட்டுமில்லை. ஒரு நாள் மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். வலது தோளில் ஒரு தட்டு. குடை சரி, எடு. எதை எடுக்க? கையில் கரண்டிதான் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் குழாயை மூடினேன். சமையலறையில் ஈரத் துணியின் வாடை, மழையில் நாள் முழுக்க நின்றவர் உள்ளே வந்தால் வருகிற வாடை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு தட்டு. சரியாக ஐந்து நிமிஷம். தூறல் நிற்கும் வரை அது நிற்கவில்லை. அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார், நான்தான் படம் எடுக்காமல் நிற்கிறேன் என்று புரிந்தபோது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை பொறியாளர் போன் செய்தார். கறார் பேர்வழி, ஆனால் நல்ல மனுஷி. சுவரின் நடுவில் புது விரிசல், இரவு முழுக்க மழை, கீழே உள்ள வீடுகளைக் காலி செய்தாகிவிட்டது, படம் உடனே வேண்டும்.

"மேடை பழைய இடத்துலயா மேடம்?"

"ஆறடி தள்ளிக் கட்டியாச்சு."

ஆறடி! ஒரு மேட்டுக்குப் பயந்து ஆறடி தள்ளியிருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். குடை பிடிக்க அலுவலகத்தில் யாரும் வரத் தயாராக இல்லை. செய்தி எப்படியோ லிஃப்ட்டின் காதுக்குப் போய், லீவு போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"நான் பிடிக்கிறேன் அண்ணி."

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?"

"அண்ணன் நின்ன இடத்துல ஒரு தடவை நிக்கணும். அங்கேர்ந்து மேல என்ன தெரியும், எவ்வளவு முன்னாடி தெரியும்னு பாக்கணும். பாத்தாத்தான் எனக்கு அடங்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

மேடைக்குப் போனபோது மதியம் இரண்டு மணி. வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. மழை சரிந்து பெய்யாமல் நேராக, ஒரே சீராக இறங்கியது. அலுவலகத்தில் கொடுத்த நீலக் குடையை அவன் விரித்தான். புள்ளிகளில் ட்ரைபாட் கால்களை வைத்து, கேமராவை மாட்டி, லென்ஸைச் சற்றுக் கீழே சாய்த்தேன்.

"நான் எங்க நிக்கணும்?"

"எனக்கு வலது பக்கம். அரை அடி பின்னால. குடை கேமராவுக்கு, எனக்கில்ல."

"நீங்க நனைவீங்களே அண்ணி."

"நான் காஞ்சிருவேன். கேமரா காயாது."

அவன் சிரித்தான். "அண்ணன் இதை அப்படியே உங்க குரல்ல சொல்லிக் காட்டுவாரு" என்றான். பிறகு அவன் முகம் சுருங்கிப்போனது. மேலே சரிவையே வெறித்துப் பார்த்தான். "எல்லாம் நல்லாத் தெரியுதே. இங்கேர்ந்து பாத்தா எல்லாமே தெரியுதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நான் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஒரு தட்டு. எடுத்தேன். ஐந்து நிமிஷம். ஒரு தட்டு. எடுத்தேன். வரும் வழியில்தான் தட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன், பையன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு காற்று கிளம்பியது. துணியால் லென்ஸை ஒற்றி எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"நல்லாத் தட்டுறடா. உங்க அண்ணன் மாதிரியே."

"நான் எங்க அண்ணி தட்டினேன்? இந்தக் காத்துல ரெண்டு கையும் குடையிலதான் இருக்கு. ஒத்தைக் கையை எடுத்தா குடையோட நானும் பறந்துருவேன்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு கையாலும் உடும்புப் பிடியாகக் குடையைப் பிடித்திருந்தான். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. திரும்பிக்கொண்டேன். பதின்மூன்றாவது படத்துக்கு நேரமாகியது. வலது தோளில் ஒரு தட்டு.

பதினேழாவது படம் எடுத்து முடித்தபோது ஒரு பெரிய காற்று சுழன்று வந்தது. நீலக் குடை படாரென்று உள்வெளியாகத் திரும்பி, இரண்டு கம்பி முறிந்து, துணி பட்டம் மாதிரி படபடத்தது. அவன் அதை மடக்கப் பார்த்தான், முடியவில்லை. மழை எங்கள் இருவர் தலையிலும் நேராகக் கொட்டியது. நான் கேமராவின் மேல் கவிழ்ந்து மறைக்கப் போனேன்.

"அண்ணி" என்றான். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "அண்ணி, கேமரா மேல மழை விழல."

விழவில்லை. கேமராவின் மேலும் அதன் கீழே சிமென்ட் மேடையிலும் ஒரு வட்டம் நனையாமல் அப்படியே விட்டுப்போயிருந்தது. வட்டத்தின் ஓரத்தில் மாத்திரம் துளிகள் வரிசையாகச் சொட்டின. அவன் உடைந்த குடையைக் கீழே போட்டுவிட்டு, லிஃப்ட் கதவிடுக்கில் கை வைத்துப் பார்ப்பவனைப் போல மெதுவாக வலது கையை நீட்டினான். விரல்கள் மேல் மழை விழவில்லை. மணிக்கட்டில் விழவில்லை. முழங்கையில் கொட்டியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அப்போது என் தோளில் மூன்று தட்டு விழுந்தது.

என் கை தானாக உள்பைக்குள் போனது. மூடி எடுத்துப் போவதற்கான இன்னொரு பிளாஸ்டிக் தொப்பி விரலில் மாட்டி வெளியே வந்தது. அதைப் பார்த்தேன். பதினோரு நொடி. போன வருஷம் எந்தக் கை அவரைக் கொன்றதோ அதே கை, அதே வேலைக்குக் கிளம்பிவிட்டது. மறுபடியும் மூன்று தட்டு, பலமாக, எலும்பில் இறங்குகிற மாதிரி.

தொப்பியை அங்கேயே போட்டேன். கொழுந்தனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணி, கேமரா! கேமராவை விட்டுட்டீங்க!"

"விடுடா! ஓடு!"

சந்தின் முனையில் பொறியாளர் காத்திருந்த கொட்டகை வாசலைத் தொட்டபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஈர மணலைக் கொட்டும் சத்தம், ஆனால் நிற்காமல். திரும்பிப் பார்த்தோம். மேடை இருந்த இடத்தில் சேறு கொதித்துக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குள் பெஞ்சில் உட்கார்ந்தோம். பொறியாளர் வெளியே போனில் கத்திக்கொண்டிருந்தார். அவன் ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தட்டினாரு."

யார் என்று அவன் கேட்கவில்லை.

"மூணு தட்டா?"

"மூணு."

"செத்தப்புறம் தட்டத் தெரிஞ்சவருக்கு உயிரோட இருக்கிறப்போ தட்டத் தெரியலையா அண்ணி?"

வருஷம் முழுக்க அவன் கேட்ட கேள்விதான். இந்தத் தடவை அது கேள்வியாக வரவில்லை. எனக்கும் பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முதல் மூன்று தட்டு, நான் தலையாட்டியது, இன்னும் ஒண்ணே ஒண்ணு, இரண்டாவது மூன்று தட்டு, தொப்பி, ரப்பர் பேண்ட், ஜிப், பதினோரு நொடி. அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவன் எழுந்து வெளியே போய் மழையில் நின்றான். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

"குடுக்கிறேன்."

கொடுக்கவில்லை. மூன்று நாள் பேனாவை எடுத்தேன், வைத்தேன். உயிர் பிழைத்ததும் மறுபடி கோழையாகிவிட்டேன்.

நாலாம் நாள் காலை லிஃப்ட் வந்தான். கையில் சேறு அப்பிய என் கேமராப் பை. மண் அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநர் கண்டெடுத்துக் கொடுத்தாராம். பையின் ஜிப் முழுவதும் மூடியிருந்தது.

"நீங்க கேமராவை ட்ரைபாட்லதானே விட்டுட்டு ஓடி வந்தீங்க?"

"ஆமா."

"பை?"

"கீழ, திறந்து கிடந்துது."

அவன் ஜிப்பில் கை வைத்தான். தடுத்தேன். குளிரில் கிடந்த கேமராவைச் சூடான அறைக்குள் உடனே திறந்தால் லென்ஸுக்குள் பனி கோத்துவிடும், ஒரு மணி நேரம் மூடியபடியே இருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது பாருங்கள். மேஜை மேல் பையை வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

திறந்தேன். பைக்குள் சேறு இல்லை. நான் மேடையில் வீசி எறிந்த பிளாஸ்டிக் தொப்பி கேமராவைச் சுற்றி இழுத்து மூடியிருந்தது. மேலே ரப்பர் பேண்ட். அதை நீக்கினேன். தொப்பிக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் மேஜையில் விழுந்தது, செருப்புப் பெட்டிப் பொட்டலம். நான் அதை வைப்பதே இல்லை. கொழுந்தன் அதைத் தொடப் பயந்தவனாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கேமராவை உயிர்ப்பித்துப் படங்களை ஓட்டினேன். நான் எடுத்தது பதினேழு. உள்ளே பதினெட்டு இருந்தது.

பதினெட்டாவது படத்தில், சுவரின் நடுத் துளையில் செஞ்சேறு பீறிடுகிறது. அதற்கு மேலே சுவரைத் தாண்டி மண் ஒரு பெரிய உதடு மாதிரி தொங்குகிறது, கேமராவை நோக்கி விழப்போகிற கணம். லென்ஸில் ஒரு துளி இல்லை. முளைகள் ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தன. போன வருஷம் நான் கேட்ட அந்த இன்னும் ஒண்ணே ஒண்ணு. வலது மேல்மூலையில் ஒரு குடையின் ஓரம் உள்ளே வந்திருந்தது. கறுப்புக் குடை. கம்பி முனையில் மஞ்சள் நூல்.

அப்போதுதான் அழுதேன். வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கு ஒழுக. லிஃப்ட் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். "அண்ணன் படத்தை எடுத்து மாட்டணும்." வாசல் வரை போய் நின்றான். "உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க அண்ணி. எனக்கு இன்னும் தெரியல."

"சரிடா" என்றேன்.

கேமராவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் பதினெட்டாவது படத்தைத் திரையில் பெரிதாக்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் முதுகைக் காட்டி ஓடி வந்ததை நான் பாத்தேன். இதை எடுத்தது யாரு?"

"என் குடைக்காரர்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒரு தாள் கேட்டேன். நின்றபடியே எழுதினேன். போன வருஷம் அவர் எச்சரித்தார், இரண்டு முறை எச்சரித்தார், கேட்காமல் விட்டது நான், விசாரணையில் சொன்னது பொய். கையெழுத்துப் போட்டேன். பொறியாளர் அதைப் படித்தார், மறுபடி படித்தார். "அறிக்கையை மாத்திருவேன்" என்றார். "உங்களுக்கு இனிமே இந்த வேலை இருக்குமான்னு சொல்ல முடியாது." தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே மழை பிடித்திருந்தது. பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. தெருமுனை திரும்பும்போது இடுப்பில் ஜில்லென்று உறைத்தது. பையிலிருந்து தண்ணீர் வழிந்து என் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. நின்றேன். இடது தோளுக்கு மாற்றினேன். அங்கேயும் நனைந்தது. திரும்ப வலது பக்கம். மழை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் பெய்தது.

"ஏங்க" என்றேன். "கேமரா நனையுது."

தோளில் துளிகள் விழுந்தன, கணக்கில்லாமல், எந்த அர்த்தமும் இல்லாமல்.

"ஏங்க, குடையைக் கொண்டு வாங்க! கேமரா நனையுதுங்கறேன்ல!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். தொண்டை அடைக்கும் வரை கூப்பிட்டேன். பிறகு ஒரு கடை மறைவில் ஒதுங்கி, தொப்பியை எடுத்துக் கேமராவுக்குப் போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி, அந்தச் சின்னப் பொட்டலத்தை உள்ளே செருகி, ஜிப்பை இழுத்து மூடினேன். வீடு வரை பை நனைந்துகொண்டே வந்தது.